பீடித் தட்டும் பாலிசித் தாளும்: ஒரு கபடி மையத்தின் நிகழ்வு ஆய்வு

'குழந்தைகளோடு பழகும் ஊழியர்கள், தன்னார்வலர்கள் எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்யப்பட்டிருக்கிறதா?'

காப்பீட்டுப் படிவத்தில் இந்தக் கேள்வி வந்ததும் செயலாளர் பேனாவை எடுத்து 'ஆம்' என்று எழுதிவிட்டார். "எங்க தம்பி, காட்டுங்க" என்றேன். "எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பயலுவதான அண்ணாச்சி" என்றார். அதைத்தான் அவர் சரிபார்ப்பு என்று நினைத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை.

நான் பொதுக் காப்பீட்டுத் துறையில் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஓர் ஆற்றங்கரை ஊரில் இந்த மையம் இருக்கிறது. பதிவு செய்த அறக்கட்டளை. சாயங்காலம் கபடி, அது முடிந்ததும் படிப்பகம், கோடை விடுமுறையில் வாய்க்காலில் நீச்சல். ஆணும் பெண்ணுமாகத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் வருகிறார்கள். பயிற்சியாளர்கள் ஆறு பேர். அதில் இருவருக்கு மட்டும் சிறு ஊக்கத்தொகை, மற்றவர்கள் தங்கள் நேரத்தைச் சும்மா தருபவர்கள். பிள்ளைகளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், மாதம், இன்னும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி.

கேள்வி வந்த வழி

கபடிப் பாய் வாங்க மையத்துக்குப் பணம் தேவைப்பட்டது. இங்கே ஆடிப் படித்துவிட்டு இப்போது கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் ஒருவர் தருவதாகச் சொன்னார். (இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதையே வேறு. இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பாதி அறக்கட்டளைகள் கேட்பதில்லை.) போனில் அவர் ஒரு விஷயம் சொன்னார். மகன் விளையாடும் சங்கத்தில் வாரம் ஒருநாள் பந்து பொறுக்கிப் போடப் போனாராம். அதற்கே விரல்ரேகை எடுத்து, குழந்தை வதையை எப்படிக் கண்டுகொள்வது என்று பயிற்சியும் கொடுத்த பிறகுதான் மைதானத்துக்குள் விட்டார்களாம். "நம்ம மையத்துல இதெல்லாம் இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது 2022 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் நடப்பிலிருக்கும் சட்டம். பிள்ளைகளோடு மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலோ இருக்கும் தன்னார்வலருக்குப் பின்னணிச் சோதனையும் பயிற்சியும் கட்டாயம். முடிந்த மட்டும் எப்போதும், வதை பற்றிப் புகார் செய்யச் சட்டப்படி கடமைப்பட்ட பெரியவர்கள் இருவர் உடனிருக்க வேண்டும் என்ற கொள்கையையும் அமைப்பு வைத்திருக்க வேண்டும். என் பழைய தொழில் கண்ணுக்கு உடனே பட்டது அதன் இன்னொரு வரி: பொறுப்புக் காப்பீடு (அமைப்பால் பிறருக்கு நேரும் கேட்டுக்குத் தர வேண்டிய நட்டஈட்டை ஏற்கும் காப்பீடு) தருவதற்கு முன், இவற்றையெல்லாம் செய்திருக்கிறீர்களா என்று காப்பீட்டு நிறுவனம் ஆதாரம் கேட்கலாம்.

அங்கே காப்பீட்டாளர்கள் இப்படிக் கேட்பது கருணையால் அல்ல, அடி வாங்கியதால். அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. சிறுவயதில் அங்கே பாலியல் வதைக்கு உள்ளானதாக 82,000க்கும் மேற்பட்டவர்கள் கோரிக்கை கொடுத்தார்கள். தீர்வுத் தொகை 246 கோடி டாலர். அதில் பெரும்பங்கு காப்பீட்டு நிறுவனங்களின் தலையில் விழுந்தது. கலிபோர்னியா 2019இல் சட்டத்தைத் திருத்தி, காலாவதியான பழைய வழக்குகளுக்கும் மூன்று வருட வாசல் திறந்துவிட்டது. அப்படி வந்த வழக்குகளில், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம் மட்டும் 2025இல் 400 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய பாலிசித் தாள்களைப் பரண்களிலிருந்து தேடி எடுத்தார்கள். ஒரு விஷயம் நடந்த வருடத்தில் எந்த பாலிசி இருந்ததோ அதுதான் பொறுப்பேற்கும் என்பது ஒரு வகை. கோரிக்கை வந்த வருடத்து பாலிசிதான் பொறுப்பு என்பது இன்னொரு வகை. வருடக்கணக்கில் வெளியே வராமல் கிடக்கும் இந்த மாதிரிக் காயங்களில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. நம் ஊரில் விற்கும் பொதுப் பொறுப்பு பாலிசிகளில் பல இரண்டாவது வகை. ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் பின்னால் வருவதற்குப் பிடிப்பே இருக்காது.

நம் சட்டம் சொல்வது

அமெரிக்காவைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டமும் அதன் 2020ஆம் வருட விதிகளும் இதே கேள்விகளை நம்மிடமும் கேட்கின்றன. பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் அதன் ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணிச் சோதனையும் செய்ய வேண்டும், பயிற்சியும் தர வேண்டும். விதியில் பள்ளி, குழந்தைக் காப்பகத்தோடு 'விளையாட்டுப் பயிற்சி மையம்' என்ற சொல்லும் இருக்கிறது. கபடி மையம் அதற்குள் வராது என்று யாரும் வாதிட முடியாது.

செயலாளருக்கு இது புதுச் செய்தி. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு எங்கள் பக்கம் பாதுகாப்பு என்றாலே சுவர்தான். மையத்தின் கோப்பிலும் கட்டட உறுதிச் சான்று இருந்தது, தீயணைப்பான் வாங்கிய ரசீது இருந்தது. மூன்று வருடம் முன்பு ஒரு பையனுக்குக் காரை எலும்பு முறிந்த பிறகு எடுத்த குழு விபத்துக் காப்பீடும் இருந்தது. கட்டடத்துக்குத் தாள் இருந்தது, எலும்புக்குத் தாள் இருந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. பயிற்சியாளர்களின் ஆதார் நகல்கூடக் கிடையாது. பழைய வருகைப் பதிவேடுகள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணியோடு போய்விட்டன. அந்த வருடங்களில் யார் யார் வந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் நாலு பேர் நாலு பட்டியல் சொன்னார்கள். போக்சோ புகாருக்குக் காலக்கெடு கிடையாது. நாளைக்கு வளர்ந்த ஒருவர் வந்து 'எனக்கு 2018இல் இப்படி நடந்தது' என்று சொன்னால், அந்த ஆள் அங்கே இருந்தார் என்றோ இல்லை என்றோ சொல்ல மையத்தின் கையில் எதுவுமில்லை.

நான் பார்த்த ஐந்து சாயங்காலங்கள்

படிவத்தை மடித்து வைத்துவிட்டு ஐந்து நாள் மைதானத்தில் உட்கார்ந்தேன். சாமான் அறைக்கு ஒரே கதவு, சாவி ஒரு பயிற்சியாளரிடம். வலிக்குத் தைலம் தேய்ப்பது அந்த அறையில்தான். இருட்டிய பிறகு தூரத்துத் தெருப் பிள்ளைகளை யாராவது ஒருவர் பைக்கில் ஏற்றிப்போய் விடுவார். எல்லாருக்கும் அது உபகாரமாகத் தெரிந்தது, பாதி உபகாரமும்தான். பயிற்சி நேரத்தைச் சொல்ல ஒவ்வொரு பயிற்சியாளரும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக வாட்ஸ்அப் அனுப்பினார்கள். இதில் எதுவும் குற்றமில்லை. குற்றம் செய்ய நினைப்பவனுக்கு இவ்வளவும் வசதி.

"பொம்பளப் பிள்ளையளத் தனியாதான் வச்சிருக்கோம் அண்ணாச்சி, பயலுவளுக்கு என்ன?" என்று பொருளாளர் கேட்டார். இந்த எண்ணம் ஊர் முழுக்க இருக்கிறது. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் வதையைச் சந்தித்ததாகச் சொன்ன பிள்ளைகள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல், 52.94 சதவீதம், பையன்கள். வதைத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், அல்லது பொறுப்பில் இருந்தவர்கள். 'தெரிஞ்ச பயலுவ' என்பது பாதுகாப்பின் சான்றாகாது என்று நான் அவரிடம் வாதம் செய்யவில்லை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியாட்கள் விஷயமும் இருந்தது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவன் 13 வயது மாணவியை வதைத்தான். முகாமே போலி. விஷயம் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். நம் மையத்திலும் 'ஸ்பெஷல் கோச்சிங்' என்று வருடத்துக்கு இரண்டு பேர் வந்து மூன்று நாள் தங்கிப் போகிறார்கள். அவர்களை யார் அனுப்பியது என்று கேட்டேன். "ஃபேஸ்புக்குல பழக்கம்" என்றார்கள்.

மாற்றங்கள்

எளிதானவை சட்டென்று முடிந்தன. ஆறு பேருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புக்கு இணையம் வழியாக விண்ணப்பித்தோம். சாமான் அறைக் கதவைக் கழற்றிக் கம்பிக் கதவு போட்டோம். தைலம் மைதானத்துக்கு வந்தது. தனி வாட்ஸ்அப் நின்று, பெற்றோரும் இருக்கும் ஒரே குழு வந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்து பயிற்சியாளர்களுக்கு ஒருநாள் வகுப்பெடுத்தார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நீலப் பெயிண்டில் சுவரில் எழுதினோம். பிள்ளைகள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் இடத்துக்கு நேர் எதிரே.

கஷ்டம், எப்போதும் பெரியவர்கள் இருவர் என்ற விதியில் வந்தது. ஆறு பயிற்சியாளர்களில் ஒரு நாளைக்கு மூவர் வந்தாலே பெரிது. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அறங்காவலர்கள் கையை விரித்தார்கள். வழி சொன்னது ஒரு பிள்ளையின் ஆச்சி. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். "வீட்டுத் திண்ணையில சுத்துறத வேப்ப மரத்தடியில உக்காந்து சுத்துதோம், தட்டுதான, எங்கயும் தூக்கிட்டு வரலாம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலம் நாலைந்து பெண்கள் மடியில் பீடித் தட்டோடு மைதானத்தின் ஓரத்தில். இலை வெட்டும் கத்திரிச் சத்தமும் கபடிப் பாட்டும் ஒன்றாகக் கேட்கும். என்ன கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கும் ஒரு வகுப்பு நடந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிப் பரிசு, ஒரு பிள்ளையை மட்டும் தனியே கூப்பிடுவது, 'வீட்ல சொல்லாத' என்ற பேச்சு: இந்த மூன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். பாதுகாப்புக் கொள்கை என்று நான் எழுதிய பதினாலு பக்கத்தை விட இந்த மூன்று நன்றாக வேலை செய்தன.

சோதனை

நாலு மாதம் கழித்து அந்த ஆச்சிதான் செயலாளரிடம் வந்தார். "அந்த வாத்தியான் அந்த ஒரு புள்ளைக்கு மட்டும் பவண்டோ வாங்கிக் குடுக்கான். மூணு நாளாப் பாக்கேன்." பிள்ளை பையனா பெண்ணா என்று இங்கே சொல்லப்போவதில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா போனைப் பார்த்தார். இரவு பதினொரு மணிக்கு மேல் வந்த செய்திகள். உடம்பு தேறியிருக்கிறதா பார்க்க வேண்டும், போட்டோ அனுப்பு என்ற கேட்பு திரும்பத் திரும்ப. பிள்ளை எதுவும் அனுப்பியிருக்கவில்லை.

அன்று ராத்திரி பொருளாளரின் அரிசிக் கடை மாடியில் அறங்காவலர்கள் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே பேசியதை நான் மறைக்கப்போவதில்லை. எந்த ஊரிலும் இதைத்தான் பேசுவார்கள். அவனை இன்றைக்கே அனுப்பிவிடுவோம், கூப்பிட்டு நாலு அறை விடுவோம், போலீஸ் எதற்கு, பிள்ளையின் எதிர்காலம் என்னாகும். அப்புறம் ஒருவர் குரலைத் தாழ்த்தி உண்மையான பயத்தைச் சொன்னார். அந்தப் பயிற்சியாளர் ஒரு சமுதாயம், பிள்ளை வேறு. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியதைப் பார்த்த மாவட்டம் இது. ஊர் ரெண்டாகிவிடும் என்றார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லை. போக்சோ 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 21ஆவது பிரிவு. மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் ஒருவர் சொல்லாமல் விட்ட வழக்கில், 2022இல் உச்ச நீதிமன்றம் அதை ஒரு கடும் குற்றம் என்றே எழுதியது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்பதையும் படித்துக் காட்டினேன். விசாரணை செய்வது நம் வேலையில்லை, சந்தேகம் சரியா தப்பா என்று முடிவு செய்வதும் நம் வேலையில்லை என்று சொன்னபோதுதான் அந்த அறையில் கொஞ்சம் மூச்சு வந்தது. தீர்ப்பு சொல்லும் பாரம்தான் அதுவரை அவர்களை அழுத்தியிருக்கிறது. அம்மாவின் சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றாலும் அவரிடம் சொல்லிவிட்டே செய்தோம். அவருடைய பயம் தெருவில் போலீஸ் ஜீப் நிற்குமே என்பது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை சொல்லும் இடத்திலோ, கூடுமான வரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் பதிவு செய்வார், அப்போது சீருடையும் இருக்காது என்று சொன்னேன். செயலாளர் 1098ஐ அழைத்தார். கை நடுங்கியது, பேச்சு நடுங்கவில்லை.

நாங்கள் செய்த தப்புகளும் உண்டு. நான் போய்ச் சேருவதற்குள் ஒரு அறங்காவலர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று தடவை 'என்ன நடந்துச்சு' என்று கேட்டு முடித்திருந்தார். இன்னொருவர் அந்தச் செய்திகளைப் படம் பிடித்து அறங்காவலர் குழுவில் போட்டிருந்தார். பிள்ளையின் பெயரோடு. ஒரு பிள்ளையின் பெயர் ஐந்து போன்களில் பரவுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினாலு பக்கக் கொள்கையில் 'யாரும் விசாரிக்கக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது' என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தை யார் படிப்பார்? இப்போது அது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. ஊர் ரெண்டாகவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் காவல்துறையே பேசியது.

காப்பீடு என்ன ஆனது

படிவத்தில் 'ஆம்' என்பதை அடித்துவிட்டு 'இல்லை. விண்ணப்பித்திருக்கிறோம்' என்று எழுதித்தான் கொடுத்திருந்தோம். முக்கியமான உண்மையை மறைத்து வாங்கிய பாலிசியைக் கோரிக்கை வரும்போது நிறுவனம் ரத்து செய்யலாம். பொய்யான ஒரு 'ஆம்' நம்மைக் காப்பாற்றாது, அவர்களைத்தான் காப்பாற்றும். பொதுப் பொறுப்பு பாலிசி கிடைத்தது. வழுக்கி விழுவது, சுவர் இடிவது, நீச்சல் விபத்து ஆகியவற்றுக்குச் செல்லும். வேண்டுமென்றே செய்த செயல்களுக்கும் குற்ற அபராதங்களுக்கும் செல்லாது என்று விலக்குப் பகுதியில் தெளிவாக இருந்தது. குற்றவாளியின் குற்றத்துக்குக் காப்பீடு எங்கும் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் மேற்பார்வையில் கவனக்குறைவு என்று அமைப்பின் மீது வரும் உரிமையியல் பொறுப்பு வேறு. அமெரிக்காவில் இதற்கென்று தனி நீட்டிப்பு விற்கிறார்கள். நான் கேட்ட இரண்டு கிளைகளில் அது கிடைக்கவில்லை. ஒரு கிளை மேலாளர், எனக்குப் பழைய சிநேகிதர், "சார், இந்தக் கேள்விய இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கேட்டதில்ல" என்றார்.

இருந்தாலும் சம்பவம் நடந்த மூன்றாம் நாள் நிறுவனத்துக்குப் பிள்ளையின் பெயர் இல்லாமல் கடிதம் எழுதச் சொன்னேன். விலக்கு என்று தெரிந்தாலும் தகவல் கொடுத்து வைக்க வேண்டும். பின்னால் 'உடனே சொல்லவில்லை' என்ற ஒரு காரணத்தை நாமே தூக்கிக் கொடுக்கக் கூடாது. இது 26 வருடத்துப் பழக்கம். கிடைக்காத காப்பீட்டுக்குப் பதிலாக அறக்கட்டளை ஒரு வைப்புத்தொகை போட்டது. பிள்ளையின் ஆற்றுப்படுத்தலுக்கும் வழக்கறிஞர் செலவுக்கும் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்று தீர்மானம். கலிபோர்னியாக்காரர் பாய்க்கு அனுப்ப வேண்டிய பணத்தில் பாதியை அதில் போடச் சொன்னார். பாய் இன்னும் பழசுதான்.

தீராமல் இருப்பது வெளியூர்ப் போட்டிகள். பொங்கல் சமயத்தில் கபடிக்கு அழைப்பு வராத வாரம் கிடையாது. பிள்ளைகள் ராத்திரி யாரோ ஒருவரின் கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுப்பார்கள். அங்கே கம்பிக் கதவும் இல்லை, வேப்ப மரமும் இல்லை. பெண்கள் இருவர் கூடவே வர வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஒருநாள் பீடி சுற்றாவிட்டால் ஒருநாள் கூலி போகும், எனவே படி கொடுக்க வேண்டும். கணக்கில் அதற்கு என்ன தலைப்பு போடுவது என்று பொருளாளர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆச்சி வரச் சம்மதித்துவிட்டார். வேனில் ஜன்னல் ஓர சீட்டு வேண்டுமாம், தட்டையும் கொண்டுவருவாராம்.